அரைக்கிளட்ச் சாரும் வாராந்திர ஊசியும்

காரில் பெரும்பாலானவர்களுக்கு வேலை ஸ்டீயரிங்குக்குப் பின்னால். அவருக்கு வேலை அதற்குப் பக்கத்து இருக்கையில். இருபத்து நான்கு வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். அவர் காலுக்கடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. ஸ்டீயரிங் மட்டும் கிடையாது. "நம்ம பொழப்பே அப்படித்தான். நிறுத்தலாம், திருப்ப முடியாது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பள்ளி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. டயர் கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை, சுவரில் சாலைக் குறியீடுகளின் படம், கடகடவென்று பேசிக்கொண்டே இருக்கும் ஒரு மின்விசிறி, வெளியே இரண்டு வெள்ளைக் கார்கள். காலை ஆறரைக்கு முதல் வகுப்பு. அரை மணிக்கு ஓர் ஆள் வீதம், சாப்பாட்டு நேரம் போக, ஒரு நாளைக்குப் பதினைந்து பேர். பதினைந்து பேரிடமும் "அரைக் கிளட்ச், அரைக் கிளட்ச், காலை முழுசா எடுக்காதீங்க" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார். அதனால் ஊரெல்லாம் அவருக்கு அரைக்கிளட்ச் சார் என்று பெயர். அவருக்கு அது தெரியும். கோபமும் இல்லை, பெருமையும் இல்லை.

சர்க்கரை நோய் வந்து பதினொரு வருடமாகிறது. மாத்திரைகளோடு அவர் ஒருவிதமாகச் சமாதானமாகிப் போயிருந்தார். காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு, அவ்வளவுதான். உட்கார்ந்தே செய்கிற வேலை என்பதால் வயிறு மட்டும் தன் பாட்டுக்கு வளர்ந்து, சீட் பெல்ட்டைத் தள்ளிக்கொண்டு நின்றது. ஐம்பத்து மூன்றாவது வயதில் வலது உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல இருக்க ஆரம்பித்தது. காலணியைக் கழற்றிப் பார்த்தார். எறும்பு இல்லை. பிரேக்கை மிதிக்கும்போது இடையில் ஒரு துணி வைத்து மிதிப்பது போல இருந்தது. அந்தக் கால்தான் அவருடைய சோறு. பயந்துபோய் டாக்டரிடம் போனார்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "மாத்திரை மட்டும் போதலை. வாரத்துக்கு ஒரு தடவை போடுற ஊசி ஒண்ணு இருக்கு. சர்க்கரையும் இறங்கும், எடையும் குறையும். முதல்ல சின்ன டோஸ், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம். ஆரம்பத்துல கொஞ்சம் குமட்டும். போகப்போகப் பழகிடும்" என்றார்.

கொஞ்சம் என்பது டாக்டர்கள் வாயில் ஒரு அளவு, நோயாளியின் வயிற்றில் வேறு ஒரு அளவு.

பேனா மாதிரி இருந்தது ஊசி. ஒன்றை ஒரு தடவைதான் போட முடியும். குளிர்சாதனப் பெட்டியின் கதவில், முட்டை வைக்கிற தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டியை அவர் மனைவி வைத்தார். சனிக்கிழமை காலை ஊசி நாள் என்று முடிவானது. முதல் ஊசி போட்ட வாரம் ஒன்றுமே ஆகவில்லை. "இதுக்குப் போயா இவ்வளவு பயந்தேன்" என்று மனைவியிடம் சொன்னார். இரண்டாவது ஊசிக்கு மறுநாள் தொண்டைக்குழியில் ஏதோ ஒன்று வந்து குடியேறியது. வாந்தி என்று சொல்ல முடியாது, வாந்தி வந்தால்கூட ஒரு முடிவு தெரியும். இது மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் அங்கேயே நின்றது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. ஏப்பம் வந்தால் அழுகிய முட்டை நாற்றம்.

வீட்டில் இருந்தால் படுத்துக்கொண்டு சமாளித்திருக்கலாம். இவருக்கு வேலையோ ஆடுகிற காரில். அதுவும் தனக்குத் தெரியாத கை ஓட்டுகிற காரில். புதிதாக ஓட்டுகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு குலுக்கல் உண்டு. காலை ஏழு மணிக்கு வருகிற கல்லூரி மாணவன் கிளட்சைப் பட்டென்று விடுவான். கார் முயல் மாதிரி குதித்து நிற்கும். எட்டு மணிக்கு வருகிற பல் டாக்டர் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து விடுவார், படகில் போவது போல இருக்கும். ஒன்பதரைக்கு ஒரு பெண்மணி, திருப்பத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டுத் திரும்ப நேராக்க மறந்துவிடுவார். இருபத்து நான்கு வருடம் இதையெல்லாம் வயிற்றில் வாங்கிக்கொண்டு அலுங்காமல் உட்கார்ந்திருந்தவர், இப்போது ஒவ்வொரு குலுக்கலுக்கும் கண்ணை மூடித் திறந்தார். கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சை வாசனை அட்டையை முதலில் கழற்றி எறிந்தார். அப்புறம் ஜன்னலைத் திறந்து வைத்தார். அப்புறம் இருக்கைக்கு அடியில் நாலைந்து பிளாஸ்டிக் பைகளை மடித்து வைத்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற ஆளுக்கே காரில் குமட்டுகிறது என்றால் டயர் கடைக்காரர் ஒரு வருடத்துக்குச் சிரிப்பார். முதலாளி சிரிக்க மாட்டார். வேறு ஆள் பார்ப்பார்.

வாயைத் திறந்தால் ஆபத்து என்பதால் பேச்சைக் குறைத்தார். "அரைக் கிளட்ச்" என்பது "அரை" ஆனது. பிறகு கையை மட்டும் அசைத்தார். சாருக்கு என்னமோ கோபம் என்று பயந்து, மாணவர்கள் இன்னும் மோசமாக ஓட்டினார்கள்.

அவர் மனைவி துணிக்கடை ஒன்றில் ஆல்டரேஷன் தையல்காரி. உடுத்திப் பார்க்கிற அறைகளுக்குப் பின்னால் அவருக்கு ஒரு மேஜை, ஒரு மிஷின், ஒரு குழல்விளக்கு. கணவரின் உடம்பை அவர் கிலோவில் கணக்கிட்டதில்லை. இடுப்பு அங்குலத்தில்தான் கணக்கு. ஒரு மாதத்தில் கால்சட்டை முக்கால் அங்குலம் தொளதொளத்தபோது அவருக்குச் சந்தோஷம். ஆனால் சாப்பாட்டு மேஜையில் அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. எட்டு மணி நேரம் குனிந்து தைத்துவிட்டு வந்து, நின்று சமைத்து வைத்தால், அந்த மனிதர் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு விரலால் சோற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் தட்டுல ரோடு போட்டுட்டு இருக்கீங்க?"

"வழியில ஒரு டீ குடிச்சேன். வயிறு நிறைஞ்சிருக்கு."

"தினமும் அதே டீயா?"

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனார். மிச்சத்தைக் கொட்டுகிற சத்தம் சமையலறையில் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

நாலு வாரம் முடிந்ததும் டாக்டர் டோஸை ஏற்றினார். "எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு இவர், "பரவாயில்லை சார்" என்றுதான் சொன்னார். பரவாயில்லை என்று சொல்லிப் பழகிய வாய். அடுத்த சனிக்கிழமை புதுப் பெட்டியிலிருந்து முதல் ஊசி. ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூன்று நாள் மனிதர் மனிதராக இல்லை. திங்கட்கிழமை பல் டாக்டரின் படகு ஓட்டத்துக்கு நடுவே காரை நிறுத்தச் சொல்லி, இறங்கி, ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "டயர்ல காத்து இருக்கான்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு ஏறினார். பல் டாக்டர் நம்பினாரோ என்னவோ, ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை காலை, குளிர்ந்த பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றார். மனைவி துணி காயப்போட மேலே போயிருந்தார். பேனாவைப் பார்க்கும்போதே வாயில் எச்சில் ஊறியது. இன்னும் மூன்று நாள் அந்த மின்கம்பம், அந்தப் படகு. சட்டென்று பாத்திரம் தேய்க்கிற தொட்டிக்குள் ஊசியை அழுத்தினார். ஒரு சொடுக்குச் சத்தம். இரண்டு சொட்டுத் தண்ணீர் மாதிரி ஓடிப் போனது. பேனாவை வழக்கமான டப்பாவில் போட்டுவிட்டு, சட்டையை இறக்கி விட்டுக்கொண்டார்.

"போட்டாச்சா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"போட்டாச்சு."

இப்படியே நாலு சனிக்கிழமை. முதல் இரண்டு வாரம் கையில் ஒரு குற்ற உணர்ச்சி இருந்தது, மூன்றாவது வாரம் அது பழகிவிட்டது. குமட்டல் போயிற்று. பசித்தது. ஒரு நாள் இரண்டாவது தடவை சோறு கேட்டார். மனைவி கரண்டியோடு ஓடி வந்தார். "பார்த்தீங்களா, உடம்புக்குப் பழகிடுச்சு. டாக்டர் சொன்னது சரியாப் போச்சு!" என்று அவர் முகமெல்லாம் மலர்ந்து சொன்னபோது, வாயில் இருந்த சோறு இவருக்கு இறங்கவில்லை. அந்த நேரத்தில் மட்டும் இறங்கவில்லை. அப்புறம் இறங்கியது.

கால்சட்டை நிறைய ஆரம்பித்தது. கால் எறும்பு மறுபடி நடமாட ஆரம்பித்தது. அப்போதுதான் முதலாளி ஒரு காகிதத்தை நீட்டினார். பயிற்சி ஆசிரியர் உரிமம் அடுத்த மாதக் கடைசியோடு முடிகிறது, புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் வேண்டும், சர்க்கரை அளவும் அதில் இருக்க வேண்டும்.

அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க அலைந்தார். வீட்டுக்கு வந்து புதிதாக வாங்கி வைத்திருந்த பெட்டியைத் திறந்தார். ஏற்றிய டோஸ். விட்டுப்போன நாலு வாரத்தையும் ஒரே மூச்சில் பிடித்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. பயந்த மனிதனுக்கு எது தோன்றினாலும் நியாயமாகத்தான் தோன்றும். சனிக்கிழமை காலை சட்டையைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, இந்தத் தடவை நிஜமாகவே வயிற்றில் அழுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு தடவை வாந்தி. ஏதோ வெளியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றார். திங்கட்கிழமை காலை தண்ணீர்கூட நிற்கவில்லை. "இன்னிக்கு லீவு போடுங்க" என்றார் மனைவி. போட்டிருப்பார். ஆனால் அன்றைக்கு எக்ஸ்சேஞ்ச் அம்மாவுக்கு டெஸ்ட்.

எக்ஸ்சேஞ்ச் அம்மா என்று பள்ளியில் எல்லோரும் சொல்வது, தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள். அறுபத்தோரு வயது. அவர் கணவருக்குக் கண் பார்வை குறைந்துகொண்டே வருகிறது, இனி அவர் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டு வாசலில் கார் தூசி பிடித்து நிற்கிறது. அதனால் இந்த வயதில் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். டெஸ்டில் மூன்று தடவை தோற்றார். நாலாவது தடவைக்கு, "சார், நீங்க பக்கத்துல இருந்தாத்தான் போவேன். வேற ஆளை அனுப்பினா நான் வரவே மாட்டேன்" என்று சொல்லியிருந்தார்.

ஒன்பது மணிக்கு அந்த அம்மாள் காரை எடுத்தார். டெஸ்ட் மைதானத்துக்குப் போகிற வழியில் கொஞ்சம் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். இவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை கால் எல்லாம் பஞ்சு. உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டது. பிரேக்கின் மேல் வைத்த வலது கால் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. இரண்டு சிக்னல் தாண்டினார்கள். மூன்றாவது சிக்னலில் பச்சை விழுந்து கார் நகர்ந்தபோது, இருக்கைக்கு அடியில் இருந்த பையை இழுக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. பாதி பையில், பாதி சட்டையில்.

எக்ஸ்சேஞ்ச் அம்மா கத்தவில்லை. கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், ஓரம் கட்டினார், நியூட்ரலுக்குக் கொண்டுவந்து கைப்பிரேக்கை இழுத்தார். மூன்று டெஸ்டிலும் செய்யத் தெரியாமல் தோற்ற காரியம். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார்.

"சார், என்ன ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?"

"இல்லம்மா. ஊசி... சர்க்கரை ஊசி."

"எத்தனை நாளா வாந்தி?"

"நேத்துலேர்ந்து."

"தண்ணி தங்குதா?"

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

"எந்த ஆஸ்பத்திரி?"

"நீங்க டெஸ்டுக்குப் போங்கம்மா. இங்கேர்ந்து அஞ்சு நிமிஷம்தான். நான் ஒரு ஆட்டோ பிடிச்சு..."

"எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டேன் சார்."

முப்பது வருடம் முன்பின் தெரியாதவர்களின் அவசரத்தைக் காதில் கேட்டு, சரியான இடத்துக்கு இணைத்துவிட்ட குரல் அது. அவர் சொல்லிவிட்டார்.

பத்து நிமிடப் பாதை. சந்தைத் தெரு, பள்ளிக்கூட வாசல், ரயில்வே கேட்டு. அவர் வாயைத் திறக்கவில்லை, திறக்கவும் முடியவில்லை. சட்டப்படி இது சரியா என்று கேட்டால், பக்கத்தில் ஆசிரியர் உட்கார்ந்திருந்தார் என்று மட்டும் சொல்லலாம். கார் ஒரு தடவைகூடக் குதிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே அந்த அம்மாள் ரிவர்ஸில் வந்து நிறுத்தியதை, அரை மயக்கத்திலும் அவர் கவனித்தார். வாத்தியார் புத்தி.

ஆஸ்பத்திரியில் சர்க்கரைப் பிரிவு நர்ஸ் ஒருவர் உண்டு. குள்ளமானவர், நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கியவர், யாருக்கும் பொய் சொல்ல இடம் கொடுக்காதவர். குளுகோஸ் ஏற்றிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாராவாரம் ஒழுங்காப் போட்டீங்களா?"

"போட்டேன் சிஸ்டர்."

"இந்தா பாருங்க ஐயா. வாராவாரம் போட்டிருந்தா இப்ப இப்படி வந்து படுத்திருக்க மாட்டீங்க. எத்தனை வாரம் விட்டீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். "நாலு."

"நாலு வாரம் விட்டுட்டு நேரா பெரிய டோஸா? உள்ள இருக்கிறது வயிறா, சிமெண்ட் தொட்டியா? விட்டுப் போச்சுன்னா எங்களைக் கேட்டுட்டுத்தான் திரும்ப ஆரம்பிக்கணும். மறுபடி சின்னதுலேர்ந்து வரணும். இவ்வளவு குமட்டுதுன்னு ஏன் டாக்டர்கிட்ட சொல்லலை? சொல்லியிருந்தா டோஸை ஏத்தியே இருக்க மாட்டாரே."

"பரவாயில்லைன்னு சொல்லிட்டேன்."

"நல்லாச் சொன்னீங்க" என்று அவர் எழுந்து போனார்.

எக்ஸ்சேஞ்ச் அம்மா வெளி பெஞ்சில் உட்கார்ந்து, அவருடைய மனைவிக்குத் தகவல் சொல்லியிருந்தார். மனைவி கடையிலிருந்து அப்படியே ஓடி வந்தார், கழுத்தில் அளவு நாடா தொங்க, ரவிக்கையில் குண்டூசிகள் குத்தியபடி. நர்ஸ் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். நர்ஸ்களுக்கு ஒளித்துச் சொல்ல நேரம் கிடையாது.

மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சத்தம் போடுவார் என்று இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்த நாலு ஊசியையும் என்ன பண்ணீங்க?"

"தொட்டியில ஊத்தினேன்."

"எந்தத் தொட்டி? நான் பாத்திரம் கழுவுற தொட்டியிலயா?"

"ம்."

"அப்ப நம்ம தொட்டிக்குத்தான் சர்க்கரை குறைஞ்சிருக்கு" என்றார் மனைவி. யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அளவு நாடாவைக் கழற்றி, விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். "அன்னிக்கு ரெண்டாவது தடவை சோறு கேட்டீங்களே. நான் பைத்தியக்காரி மாதிரி சந்தோஷப்பட்டேன். பக்கத்து மிஷின்காரிகிட்டல்லாம் சொன்னேன்" என்றார்.

"தெரியும்."

"முடியலைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?"

"நீ நாள் பூரா குனிஞ்சு தைச்சிட்டு வந்து சமைக்கிற. அதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுதுன்னு எப்படிச் சொல்றது?"

மனைவி சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்த குளுகோஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருவருக்குமே அன்றைக்கு அதற்கு மேல் தெம்பில்லை.

இரண்டு நாள் ஆஸ்பத்திரி. சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. மூன்று வாரம் ஊசியே வேண்டாம், அதற்குப் பிறகு முதலிலிருந்து, மிகச் சின்ன டோஸில் என்று டாக்டர் சொன்னார். கிளம்பும்போது நர்ஸ் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசினார். மூன்று வேளையை ஐந்து ஆறாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வயிறு நிறைகிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது, "இன்னும் ரெண்டு வாய் சாப்பிடலாம்" என்று தோன்றுகிற இடத்தில் கை கழுவிவிட வேண்டும். எண்ணெயில் பொரித்தது ஊசி போட்ட இரண்டு நாளைக்கு ஆகாது. சாப்பிடும்போது மடமடவென்று தண்ணீர் குடிக்காமல், நாள் முழுக்க வாய் வாயாகக் குடிக்க வேண்டும். சாப்பிட்ட உடனே படுக்கக் கூடாது. சூடாக ஆவி பறக்கிற சாப்பாட்டைவிட ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு. தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றாலோ, வயிறு விடாமல் பலமாக வலித்தாலோ, வீராப்புக் காட்டாமல் உடனே வர வேண்டும்.

"இன்னொண்ணு. பரவாயில்லைங்கிற வார்த்தையை இந்தக் கட்டடத்துக்குள்ள சொல்லாதீங்க" என்றார் நர்ஸ்.

முதலாளிக்கு விஷயம் தெரிந்துபோனது. வேறு ஆள் பார்க்கவில்லை, ஆனால் உடம்பு தேறுகிற வரைக்கும் காரில் ஏற்றவும் இல்லை. அறையில் உட்கார்ந்து சாலைக் குறியீடுகளைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். மின்விசிறிக்கடியில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, "இது வலப்பக்க வளைவு, இது முன்னால் பள்ளம்" என்று மூன்று வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். காரில் அலுப்பு என்று இருபத்து நான்கு வருடம் புலம்பியவருக்கு, அலுப்பில் எத்தனை தினுசு உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், இப்ப வண்டி ஷெட்டுலயா?" என்று கேட்டார். எதிர்பார்த்த அளவு சிரிக்கவில்லை. தன் அண்ணனும் அதே ஊசிதான் போடுகிறார், வாரத்தில் இரண்டு நாள் யாரிடமும் பேச மாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மூன்று வாரத்துக்குள் எக்ஸ்சேஞ்ச் அம்மாவின் டெஸ்ட் வந்தது. இவர் பக்கத்தில் இல்லை. அந்த அம்மாள் வேறு ஆளுடன் போய், தேறிவிட்டு வந்து, அறை வாசலில் நின்றார்.

"பாஸ் பண்ணிட்டேன் சார்."

"ரொம்ப சந்தோஷம்மா. நான்தான் வர முடியாமப் போச்சு."

"ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது. காதுல குரல் கேட்டா என் கை தானா அதுக்கு வேலை செய்யும், முப்பது வருஷப் பழக்கம். நீங்க 'அரைக் கிளட்ச், அரைக் கிளட்ச்'னு சொல்லச் சொல்ல, எனக்கு ரோடு கண்ணுல படவே இல்லை. அன்னிக்கு நீங்க பேசாம இருந்தப்பதான் ரோட்டைப் பார்த்தேன்."

அவர் சிரித்துவைத்தார். அந்த அம்மாள் போன பிறகு கொஞ்ச நேரம் குச்சியைக் கீழே வைக்காமல் நின்றார். இத்தனை வருடத்தில் எத்தனை பேர் தன் குரலால் ரோட்டைப் பார்க்காமல் விட்டார்களோ என்று ஒரு வேதனை. அது இரண்டு நாள் இருந்தது. மூன்றாவது நாள், எத்தனையோ பேர் கிளட்சையும் அந்தக் குரலால்தானே கற்றார்கள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

ஊசி மறுபடி தொடங்கியது. காலையில் போடுவதை சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றினார்கள். குமட்டல் மும்முரமாக வருவது மறுநாள்தான் என்பதால் அது ஞாயிற்றுக்கிழமையில் விழும், பள்ளிக்கு விடுமுறை. கேட்க நல்ல ஏற்பாடு. ஆனால் வாரத்தில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு நாள்தான், அதையும் வயிற்றுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. மனைவிக்கும் விடுமுறை அந்த ஒரு நாள்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனக்கு மட்டும் ஏதாவது செய்து, நின்றுகொண்டே சாப்பிட்டார். இவர் கூடத்து ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு பிஸ்கட்டைக் கால் கால் துண்டாகக் கடித்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் ஒரே வீட்டுக்குள் தனித்தனியாகச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. நாலைந்து ஞாயிறு பார்த்துவிட்டு, மனைவி தட்டைத் தூக்கிக்கொண்டு வெளி வராந்தாவுக்குப் போனார். "காத்து அந்தப் பக்கம்தான் அடிக்குது. நீங்களும் நாற்காலியைத் தூக்கிட்டு வாங்க. நான் சாப்பிடுறதைப் பார்க்க வேண்டாம், தெருவைப் பாருங்க" என்றார். அது கொஞ்சம் சரிப்பட்டது.

உரிமத்துக்கான சான்றிதழில் டாக்டர், சிகிச்சை நடக்கிறது, சர்க்கரை இறங்கி வருகிறது, ஓட்டத் தடையில்லை என்று எழுதினார். வழக்கமாக ஐந்து வருடத்துக்குக் கொடுப்பதை ஒரு வருடத்துக்குக் கொடுத்தார்கள். அவர் மறுபடி பக்கத்து இருக்கைக்குப் போனார். முதல் வகுப்புக்கு முன்னால் இரண்டு உப்பு பிஸ்கட், கதவோரத்தில் தண்ணீர் பாட்டில், ஜன்னல் கால்வாசி திறப்பு. திங்கட்கிழமை காலை வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறார்: "எனக்கு ஒரு ஊசி போடுறாங்க. திங்கட்கிழமை கொஞ்சம் குமட்டும். நான் நிறுத்தச் சொன்னா நிறுத்திடுங்க. உங்க ஓட்டத்துல குத்தம் இல்லை." பல் டாக்டர் மட்டும் விடாமல், "என் ஓட்டத்துல குத்தம் இருக்கா இல்லையான்னு தனியாச் சொல்லுங்க" என்றார். இருக்கிறது என்று இவர் சொன்னார்.

ஊசி மறுபடி தொடங்கி எட்டு மாதம் ஆகிவிட்டது. எடை ஒன்பது கிலோ குறைந்திருக்கிறது. மனைவி அவருடைய கால்சட்டைகளை மூன்று தடவை பிடித்துவிட்டார், இனிப் பிடித்தால் பின்பக்கப் பைகள் இரண்டும் ஒன்றோடொன்று முட்டும் என்கிறார். சர்க்கரை, டாக்டர் முகம் சுளிக்காத அளவுக்கு வந்திருக்கிறது. உள்ளங்கால் எறும்பு போகவில்லை. போகாமலும் இருக்கலாம், மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். குமட்டலும் முழுசாகப் போகவில்லை. மூன்று நாள் இருந்தது ஒன்றரை நாளாகியிருக்கிறது. போன தடவை டாக்டர், "டோஸை ஏத்தலாமா?" என்று கேட்டபோது, "ஏத்த வேண்டாம் சார். ஞாயிற்றுக்கிழமை இன்னும் கஷ்டமாத்தான் இருக்கு. ரெண்டு மாசம் போகட்டும்" என்று அவர் தெளிவாகச் சொன்னார். டாக்டர் சரி என்று எழுதிக்கொண்டார். அவ்வளவு சுலபமான காரியமாக இருந்திருக்கிறது அது.

சனிக்கிழமை சாயங்காலம். பதினைந்து பேர் ஓட்டிய களைப்போடு அவர் வந்து உட்காருகிறார். பேனாவை எடுத்து, குளிர் விடுவதற்காக மேஜையில் வைக்கிறார். மனைவி காலை நீட்டி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் அன்றைக்குக் கடையில் பதினொரு கால்சட்டை.

"நாளைக்கு என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேண்டாம்."

"ஒண்ணும் வேண்டாம்னா? கொஞ்சமா வேண்டாமா, ரொம்ப வேண்டாமா?"

அவர் வயிற்றைத் தடவி யோசிக்கிறார். "கொஞ்சமா வேண்டாம்."

"அப்ப ரெண்டு பிடி அரிசி கஞ்சியா வெச்சு ஆற வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மனைவி எழுந்திருக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.